முதலில் உள்ளே போகிறவள்

என் அக்கா ரோஜாவுக்கு ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மற்றவர்கள் நார்மல் என்றால் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். இவள் உட்கார்ந்து அழுவாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது, பத்து நாளில் போய்விட்டது. வலி மட்டும் போகவில்லை. தோள், முழங்கை, உள்ளங்கால் என்று நாளுக்கு ஓரிடம். சிப்காட் தொழிற்பேட்டையில் என்னோடு பேக்கிங்கில் நின்றவள், வேலையை விட்டுவிட்டு, செல்போனும் கையுமாக வீட்டில் உட்கார்ந்தாள். அந்தப் போன்தான் அவள் வலிக்கு ஒரு பெயரும் கொடுத்தது, ஃபைப்ரோமயால்ஜியா. பத்தாவதில் இங்கிலீஷில் பெயிலானவள், இதை மட்டும் தடுமாறாமல் சொல்வாள்.

அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததும் டாக்டர்களுக்கு முகம் சுண்டிவிடும். அப்படி ஒரு நோயே கிடையாது என்பார் ஒருவர். இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இல்லை என்பார் இன்னொருவர். மனசைத் தெளிவாக வைத்துக்கொள்ளம்மா என்று சத்து மாத்திரை எழுதுவார் மூன்றாமவர். பொன்னேரி, திருவள்ளூர், சென்னை என்று ஒன்பது டாக்டர் பார்த்தாயிற்று. ஒன்பது தடவையும் லீவு போட்டுக் கூடப் போனவள் நான், வினோதா. லீவு கேட்கப் போனால், உடம்பு முடியாதது யாருக்கு, உனக்கா அக்காவுக்கா என்று சூப்பர்வைசர் கணேசன் நக்கலடிப்பார். எனக்கும் அலுத்துவிட்டது. ஏன் மறைக்க வேண்டும், சில காலைகளில் அவள் வினோ என்று கூப்பிடும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பத்தாவது டாக்டரைப் பார்க்கப் போனது போன வியாழக்கிழமை. வீட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. அவள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். டீக்கடை பெஞ்சு, பூட்டிக் கிடந்த சலூன் படி, கடைசியில் ரோட்டோரம் கிடந்த சிமெண்ட் பைப். கண்ணெதிரே ரயில் போய்விட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த ரயிலில் யாரோ புண்ணியவதி அவளுக்கு இடம் கொடுத்தாள், நான் சென்னை வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

ஆஸ்பத்திரிகளில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஃபைல் கொடுக்கிற சாக்கில் நான் முதலில் உள்ளே போய்விடுவேன். அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை சார், சும்மா பயந்துகொண்டிருக்கிறாள், நீங்கள் நாலு வார்த்தை தைரியம் சொல்லி அனுப்புங்கள் என்று காதோடு சொல்லிவிடுவேன். பிறகுதான் அவளைக் கூப்பிடுவார்கள். ஊசி, ஸ்கேன் என்று அவளை அலைக்கழிக்க மாட்டார்கள், நல்லதுதானே என்று நினைத்தேன். அது பாதி. மீதி, சீக்கிரம் முடிந்தால் நான் மத்தியான ஷிப்டைப் பிடித்து அரை நாள் லீவை மிச்சப்படுத்திவிடலாம்.

இந்தத் தடவை அது நடக்கவில்லை. பேஷண்ட் மட்டும்தான் என்று வாசலில் நின்ற நர்ஸ் ஹெலன் ஃபைலை என் கையிலிருந்து வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டாள். கெஞ்சிப் பார்த்தேன், அந்த அம்மாள் மசியவில்லை. ஒன்பது பேரிடமும் ஐந்து நிமிஷத்தைத் தாண்டாத அக்கா, அன்றைக்கு நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வந்தாள். அழவில்லை. டாக்டரம்மாவுக்கும் இன்ன நோய் என்று தெரியவில்லையாம், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னாராம். இதைக் கேட்கவா ஒரு நாள் லீவு என்று பொரிந்து தள்ளினேன். திரும்பும் ரயில் மீஞ்சூர் தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஃபைல்ல டாக்டருங்க இங்கிலீஷ்ல எழுதின சீட்டெல்லாம் டாக்டரம்மா எனக்குப் படிச்சுக் காட்டினாங்க, வினோ. ஆறு சீட்டுல ஒரே வார்த்த. நோய் ஒண்ணும் இல்ல, பயந்துக்கினு இருக்காங்கன்னு தங்கச்சி சொல்றாங்கன்னு எழுதிக்கீது."

உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றேன். என் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. அவள் என்னை நாலு பேர் எதிரில் திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு இன்னா நோவுன்னு எனக்கும் தெரியாது. ஆனா அத்தினி பேரும் என்னப் பாக்கல வினோ. நீ சொன்னதத்தான் பாத்தாங்க."

ரயிலை விட்டு இறங்கியதும், இனிமேல் நான் வெளியிலேயே இருக்கிறேன் என்றேன். அவள் ரோட்டோரத்து அதே சிமெண்ட் பைப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"வோணாம். அடுத்த தபா உன்னையும் உள்ள கூட்டியாரச் சொல்லிக்கீறாங்க. நீ நெனச்சத இல்ல. நாலு வருசமா கண்ணால பாத்தத மட்டும் சொல்லணுமாம்."

கண்ணால் பார்த்தது. தலை வாரும்போது சீப்பு கையிலிருந்து நழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அரைக் குடம் தண்ணீரை இரண்டு தவணையாகத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். துணியைப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒன்பது டாக்டரில் ஒருவரிடமும் இதில் ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை.

போகும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தாள் என்றேன் அல்லவா? வீட்டுக்குத் திரும்பும்போது ஐந்து. அன்றைக்குத்தான் எண்ணினேன்.