பெத்தாச்சி வீட்டின் பின்வாசலில் ஒரு கார்

1

இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. காரைக்குடியில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் இருந்த பெண், ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே, "சார், இன்னிக்கிக் காலையில நான் ஒண்ணு பாத்தேன்" என்று ஆரம்பித்தார். பாயசம் வருவதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. மீதி வரவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் இலையையே பார்த்தார். அப்படி ஒருவர் பார்க்கும்போது கதை கேட்க யாராலும் முடியாது. கை கழுவிவிட்டுத் திரும்பினால் அந்தப் பெண்ணைக் காணோம்.

பெயர்கூடக் கேட்கவில்லை. தேவிகா என்று வைத்திருக்கிறேன். (என் வீட்டில் "யாரு அது தேவிகா?" என்று கேட்டாகிவிட்டது. கதையில் வருகிறவள் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.) நேரில் 'அவர்' என்றிருந்தவர் இனி 'அவள்' ஆகிறார். எழுதுகிறவர்களுக்கு இந்த மரியாதைக் குறைவு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"செட்டிநாட்டின் அகன்ற வீதிகளில் காலம் உறைந்து—"

இதைச் சுற்றுலாக் கையேட்டுக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

"தேவிகாவின் கார்ச் சக்கரத்தில் ஒரு சங்கிலி கிடந்தது, அவள் வாழ்க்கையிலும்—"

ஐயோ, வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது.

3

தேவிகா காரைக்குடிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை செய்யும் சத்தியப்பிரியாவின் கல்யாணத்துக்காகத் தன் வீட்டுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வந்தாள். தனியாக ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. சாவியைக் கொடுக்கும்போது அவள் கணவன் வீரபாண்டியன், "எங்கயாச்சும் மாட்டிக்கிட்டு எனக்குப் போன் போடாத. போட்டியன்னா அதோட சரி, அப்பறம் சாவியத் தொடக்கூடாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் வீட்டில் சட்டமாகிவிடும்.

"மண்டபத்துக்கு எதிர்த்தாப்புல பெத்தாச்சி வீடுக்கா. அங்க வண்டிய விட்டுக்கிருங்க, காசு கிடையாது" என்று சத்தியப்பிரியா சொல்லியிருந்தாள். தேவிகா ஒரு தெரு முன்னதாகவே திரும்பிவிட்டாள். பூக்காரம்மாவிடம் பெத்தாச்சி வீடு எது என்று கேட்டாள். "இந்தா, இதுதேன்" என்று அந்த அம்மாள் கைகாட்டிய இடத்தில் பெரிய வளைவு, இரண்டு பக்கமும் தூண்கள், திறந்து கிடந்த இரும்புக் கதவு. உள்ளே நாலைந்து கார்கள். ஆள் இல்லை. காரை விட்டுவிட்டு, விசாரித்து விசாரித்து அடுத்த தெருவில் மண்டபத்தைக் கண்டுபிடித்தாள். பரிசுப் பையைக் காரிலேயே மறந்துவிட்டு வந்தது தெரிந்து அவள் திரும்பி வந்தபோது முன்சக்கரத்தில் சங்கிலி கிடந்தது.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சின்னக்கண்ணு. (முதலில் எழுதியதில் இவருக்கு முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். பந்தியில் அந்தப் பெண் அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நான் எதற்கு வில்லனாக்க வேண்டும்?)

"டோக்கன் எங்க?"

"டோக்கனா? கல்யாணத்துக்கு வந்தவுகளுக்குக் காசு கிடையாதுன்னாகளே, அண்ணே."

"அது முன்வாசல்ல. இது பின்வாசல். இங்குட்டு குத்தகைக்கு எடுத்து நடத்துறாக. டோக்கன் இல்லாம விட்டா ஐந்நூறு அபராதம். போர்டுதேன் இருக்குல்ல?"

போர்டு இருந்தது. அதை முழுக்க மறைத்துக்கொண்டு பிளக்ஸில் சத்தியப்பிரியாவும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள்.

"போர்டும் தெரியல, ஆளும் இல்ல. நான் யாருகிட்டண்ணே டோக்கன் வாங்குறது?"

"டீ குடிக்கப் போயிட்டேன். அது என் தப்புதேன். ஆனா சாயந்தரம் குத்தகைக்காரரு வந்து வண்டிய எண்ணுவாரு, நான் என்னத்தச் சொல்ல? வீட்டுல ஆம்பளையாளு இருந்தா போன் போட்டு வரச் சொல்லுங்க, பேசிக்கிருவோம்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் கதை. ஐந்நூறு ரூபாய் அவள் பையிலேயே இருந்தது. கொடுத்துவிட்டால், தனியாகப் போனவள் தண்டம் கட்டிவிட்டு வந்தாள் என்று ஆகும். போன் போட்டால் சாவி போச்சு. தப்பு வேண்டுமென்று செய்ததில்லை என்று நிரூபித்தால் மட்டுமே அவள் மறுபடி அந்தக் காரை எடுக்க முடியும்.

"பெத்தாச்சி வீடுன்னு கேட்டுத்தான் விட்டேன்" என்றாள்.

"பெத்தாச்சி வீடுதேன். யாரு இல்லைன்னா? இது அதுக்குப் பின்பக்கம்."

"இது பின்பக்கமா!"

அவள் தெருவில் எந்த வீட்டின் முகப்பும் இந்த முதுகின் உயரத்துக்கு வராது. பின்வாசல் என்றால் அவளுக்குத் தெரிந்தது கொடிக்கயிறும் தண்ணீர்த் தொட்டியும். வளைவும் தூணும் வைத்து ஒருவர் பின்வாசல் கட்டுவார் என்று எப்படித் தெரியும்?

"மண்டபம் அடுத்த தெருவுல இருக்கு. அதுக்கு எதுத்த வீடு இதுங்குறீக. ரெண்டு தெருவுல ஒரு வீடா? யாருகிட்டண்ணே கதை விடுறீக?"

சின்னக்கண்ணுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாவிக்கொத்தை எடுத்தார்.

"வாங்க, காட்டுறேன்."

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். நான் இந்த ஊர்க்காரன். கத்தரிக்காய்ப் பையோடு தினமும் இப்படிப்பட்ட வீடுகளைக் கடந்து போகிறேன். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றால் எனக்கு எரிச்சல் வரும், ஹாரன் அடிப்பேன். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல் என்று எழுத என்னால் ஆகாது. அந்தப் பெண் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

உள்ளே போகும்போது அவளிடம் நியாயங்கள் வரிசையாக இருந்தன. போர்டு மறைந்திருந்தது. ஆள் இல்லை. நான் கல்யாணத்துக்கு வந்தவள். போலீசுக்குப் போவேன்.

முதல் கதவைத் தாண்டினால் அடுப்படி. சுவரோரமாக அடுப்புகள் வரிசையாக நீண்டுகொண்டே போயின. ஒரு ஊருக்கே சமைத்த இடம் மாதிரி இருந்தது. போலீஸ் அவளுக்கு மறந்துபோனது.

அடுத்த கதவு. நடுவில் வானம் திறந்த முற்றம், வெயில் கட்டியாக இறங்கியிருந்தது. சுற்றிலும் அறைகள், ஒவ்வொன்றிலும் பூட்டு.

"இம்புட்டுப் பூட்டா!"

"ஒவ்வொண்ணும் ஒரு பங்காளிக்கு. சிங்கப்பூர்ல ஒருத்தரு, மெட்ராஸ்ல ஒருத்தரு. பூட்டு மட்டுந்தேன் ஒண்ணா இருக்கு."

அடுத்து ஒரு கூடம். இருட்டு. அவள் காலடிச் சத்தம் அவளுக்கு முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"இன்னும் இருக்காண்ணே?"

"நீங்க வேற. பாதிகூட வரல."

"அப்ப எனக்குச் சண்டையே மறந்துபோச்சு சார்" என்றார் அந்தப் பெண், பந்தியில். "வாயத் தொறந்துக்கிட்டு நடக்குறேன். கோயிலுக்குள்ள போற மாதிரி செருப்பக் கையில எடுத்துக்கிட்டேன். யாரும் சொல்லல."

அந்தச் செருப்பைப் பற்றிக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஹாரன் அடித்ததற்கெல்லாம் வெட்கமாகவும் இருந்தது.

பிறகு நடுக்கதவு. சின்னக்கண்ணு நின்றுவிட்டார்.

"இதத் தொறக்குறதில்ல. முன்கட்டுக்காரவுகளுக்கும் பின்கட்டுக்காரவுகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லாம ரொம்ப வருசமாச்சு." கொஞ்சம் யோசித்தார். "நீங்க நம்பணும்ல" என்று குறுக்குக் கட்டையைத் தூக்கினார்.

"கதவு தொறந்துச்சு பாருங்க, சார்—"

பாயசம் வந்தது.

5

இனி எல்லாம் என் கற்பனை. அவள் சொல்ல வந்தது இதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கதவு திறந்ததும் முதலில் கிளம்பியது காற்று. பின்தெருக் காற்று கூடம், முற்றம், வாசல் என்று முன்தெரு வரைக்கும் ஓடியது. முன்வாசலில், கல்யாணக்காரர்கள் கார் விடும்போது தூணை உரசிவிடாமல் பார்ப்பதற்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாலா ஆச்சி, முன்கட்டுக்காரர், முதுகில் காற்றுப் பட்டுத் திரும்பினார்.

தேவிகாவுக்கு முன்னால் திறந்த வாசல், அதற்கப்பால் தெரு, எதிரே கல்யாண மண்டபம், மேளச் சத்தம். பின்னால் திரும்பினாள். கதவுக்குள் கதவு, கதவுக்குள் கதவு, எல்லாம் ஒரே நேர்கோட்டில். கடைசிக் கதவுக்குள் நகத்தளவுக்கு அவளுடைய வெள்ளைக் கார்.

ஒரே வீடுதான். சின்னக்கண்ணு பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை.

"யாரு கதவத் தொறந்தா?" ஆச்சி எழுந்து வந்தார்.

"நாந்தான் தொறக்கச் சொன்னேன், ஆச்சி. காரத் தெரியாம பின்வாசல்ல விட்டுட்டேன். அபராதம் கேக்குறாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா…"

"அங்குட்டு எனக்குப் பங்கு கிடையாது ஆத்தா. நான் சொல்லி என்ன ஆகப்போகுது?"

சொன்னாரே தவிர அவர் தேவிகாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தா தெரியுதே வெளிச்சம், அது என்னது?"

"பின்தெரு, ஆச்சி."

"நம்ம வீடு இம்புட்டு நீளமா!"

சொந்தக்காரரே அதைக் கேட்டார்.

6

முடிவுகள்.

ஆச்சி விறுவிறுவென்று பின்வாசலுக்கு நடந்து, "அவுத்து விடு" என்கிறார். கை தட்டுவீர்கள். ஆனால் பங்கு இல்லாத இடத்தில் அவர் அதிகாரம் செய்யமாட்டார். நான் செய்ய வைத்தால் அது என் அதிகாரம்.

தேவிகா பணத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்புகிறாள். கார்ச் சாவி ஆணியில் தொங்குகிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே—

எழுதிவிட்டுக் கிழித்தேன். அவள் இரண்டாம் முறையும் பாயசம் வாங்கினாள், நான் பார்த்தேன். சாவி பறிபோனவள் பாயசம் கேட்டு வாங்கமாட்டாள்.

7

ஆகவே அவள் போனை எடுக்கிறாள். நடுக்கதவின் நிலைப்படியில் நின்று, செருப்பு ஒரு கையில், போன் ஒரு கையில்.

"என்ன, மாட்டிக்கிட்டியா?" என்றான் வீரபாண்டியன்.

"மாட்டிக்கிட்டேன். சங்கிலி போட்டுட்டாக. அது கிடக்கட்டும், அதுக்குப் போன் போடல. ஏங்க, இங்க ஒரு வீடு பாத்தேங்க. உள்ள நடக்குறேன், நடக்குறேன், தீரவே மாட்டேங்குது. நீங்க பாத்தே ஆகணும். ஞாயித்துக்கிழமை கெளம்பி இருங்க. நான் கூட்டியாரேன்."

"நீயா ஓட்டிக்கிட்டு?"

"பின்ன, நடந்தா?"

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. சங்கிலி சக்கரத்தில் கிடக்கிறது. சங்கிலியின் சாவி சின்னக்கண்ணுவிடம் இருக்கிறது, அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். அபராதத்தைக் கட்டச் சொல்வீர்களோ, அவிழ்த்துவிடச் சொல்வீர்களோ, உங்கள் பாடு. போகும்போது நடுக்கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள். ஆச்சி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.