எருமைக்கொட்டகை: இணைக்கப்பட்டது

ரௌட்டர் பெட்டிக்குள் இருந்தது. அதைப் பழைய துண்டில் சுற்றி, குக்கருக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவில் செருகி, மூன்று சுற்று டேப் ஒட்டியவள் நான்தான். அந்த டேப்பை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் லேப்டாப் எங்கள் வீட்டு வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு நானும் அம்மாவும் முந்தின நாள் மதியம்தான் குடிவந்தோம். லிஃப்ட் கிடையாது, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாது. முழங்கால் வலி என்று வருடம் முழுக்க முனகுகிற அம்மா, குடியிருந்தால் இந்தக் கட்டடத்தில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காற்று நன்றாக வருகிறதாம். எனக்கென்னவோ அடுத்த வீட்டு எண்ணெய்ப் புகைதான் வந்தது.

இணைய இணைப்புக்காரர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கோ ஞாயிறு மதியத்துக்குள் ஓர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். முந்நூறு பேர் வேலை பார்க்கிற அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் நெட் ஓடவைக்கிறவள் நான். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் நெட்டை எடுத்து லேப்டாப்புக்குக் கொடுப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று உட்கார்ந்தால், வைஃபை குறியின் மேல் சிவப்புப் பெருக்கல் போட்டுக்கொண்டு லேப்டாப் என்னை முறைத்தது.

விமான முறையில் மாட்டிக்கொண்டதா என்று பார்த்தேன், இல்லை. வயர்லெஸ் கார்டை முடக்கி மறுபடி இயக்கினேன். அதன் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு, பழைய பென் டிரைவில் வைத்திருந்த பிரதியிலிருந்து மறுபடி ஏற்றினேன். ஒரு மணி நேரம் போனது. அலுவலகத்தில் யாராவது "நெட் வரல மேடம்" என்று வந்து நின்றால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நான் கேட்கிற முதல் கேள்வி, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" அதை மட்டும் நான் செய்யவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள். என்னையே திட்டிக்கொண்டு லேப்டாப்பை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டேன்.

சிவப்புப் பெருக்கல் போய்விட்டது. பட்டியலில் என் போனின் பெயரைத் தேடுவதற்குள் மூலையில் ஒரு வரி வந்தது.

எருமைக்கொட்டகை. இணைக்கப்பட்டது.

"ஆமாம், ஆமாம்" என்று பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டு, மின்னஞ்சலைத் திறந்து, அறிக்கையைக்கூட அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஓடிப்போய்ப் பெட்டியின் டேப்பைப் பிய்த்தேன். குக்கர், துண்டு, துண்டுக்குள் ரௌட்டர். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஒயர் தனியாகச் சுருண்டு கிடந்தது. பிளக்கில் மாட்டாத ரௌட்டரிலிருந்து சிக்னல் வருமா? அதைக் கையில் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லேப்டாப்புக்கு வீடு வாசல் தெரியாது. பெயரும் பாஸ்வேர்டும் பொருந்தினால் எங்கே வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் இந்தக் கட்டடத்தில் யாரோ தங்கள் வைஃபைக்கு எங்கள் பெயரை, எங்கள் பாஸ்வேர்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தோன்றுகிற பெயரா அது? நானும் தம்பியும் எட்டு மணிவரை தூங்குவோம். "இது வீடா, எருமைக் கொட்டகையா?" என்று அம்மா கேட்பதுதான் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம். நான் முதல் ரௌட்டர் வாங்கிய அன்று அந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்தது தம்பி. அம்மா தினமும் கத்துகிற "மணி எட்டாச்சு எந்திரி"தான் பாஸ்வேர்ட், நடுவில் இடைவெளி இல்லாமல். நான் எருமை ஒன்று, அவன் எருமை இரண்டு. இந்த உலகத்தில் அந்தப் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், அம்மா, அவன்.

அவன் எங்களை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது.

போகவைத்தவள் நான். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. படிப்பு முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தான். இரவெல்லாம் லேப்டாப்பும் கையுமாகக் கிடந்தான். "நாளைக்கு ஒரு முக்கியமான வேலை இருக்குக்கா" என்றான். எந்த விளையாட்டில் எத்தனையாவது கட்டமோ என்று நினைத்துக்கொண்டேன். புத்தி வரட்டும் என்று, காலை எட்டு மணிக்கு வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுக்க சர்வர் அறையில் வேலை. உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது. ஐந்து மணிக்கு வெளியே வந்தால் அவனிடமிருந்து பதினேழு அழைப்புகள். கோபத்தில் கூப்பிட்டிருக்கிறான், கூப்பிடட்டும் என்று திரும்பிக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்தபோது ரௌட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நான்தான் மாத்தினேன். இப்போ என்ன?" என்றேன்.

அவன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் காலையில் அவனும் இல்லை, அவன் பையும் இல்லை. பதினோரு மணிக்கு அவனுக்கு இணையவழி நேர்முகத் தேர்வு இருந்ததாம். மூன்று கட்டம் தாண்டிக் கடைசிச் சுற்று. அவன் நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றே பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைத்தேன். வாசலில் வந்து நின்றால் அவன் போன் தானாக இணையட்டும் என்றுதான். அவன் நம்பரை மாற்றிவிட்டான். நான் ஆறு வருடமாகப் பாஸ்வேர்டை மாற்றவில்லை.

இப்போது லேப்டாப்பை மடியில் வைத்து அந்த யாரோ ஒருவருடைய ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திரையில் திறந்தேன். அதற்கான பாஸ்வேர்டும் எங்கள் வீட்டுப் பழையதாகவே இருந்தது. இணைந்திருக்கும் கருவிகள் மூன்று என்று காட்டியது. ஒன்று, என் லேப்டாப். இரண்டாவதைப் படித்ததும் எனக்கு மூச்சு நின்றது. எருமை இரண்டு. மூன்றாவதைப் படித்தபோது நின்ற மூச்சு திரும்பி வரவேயில்லை.

அம்மா போன்.

அம்மா முக்கால் மணி நேரத்துக்கு முன்னால், "துடைப்பம் வாங்கணும், கடை எங்க இருக்குன்னு பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பிப் போயிருந்தாள்.

திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு படிக்கு வந்தேன். வீட்டில் சிக்னல் ஒரு கோடு. கீழே நாலு படி இறங்கினேன். அந்த ஒரு கோடும் போனது. திரும்பி மேலே ஏறினேன். மூன்றாம் மாடியில் இரண்டு கோடு. எதிரே மூட்டையோடு இறங்கிய ஒரு மனிதர் லேப்டாப்பையும் என்னையும் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். நான்காம் மாடியில் மூன்று கோடு. வலதுபக்கம் இருந்த நீல நிறக் கதவுக்கு முன்னால் போய் நின்றபோது எல்லாக் கோடுகளும் நிரம்பின.

கதவுக்கு வெளியே அம்மாவின் செருப்பு கிடந்தது. சந்தேகமே வேண்டாம். இடதுகால் வார் பிய்ந்துபோய் ஊக்கு குத்தியிருந்தது. போன வாரம் அந்த ஊக்கைக் குத்திக்கொடுத்ததே நான்தான்.

இரண்டு வருடமாக வியாழக்கிழமைதோறும் அம்மா முழங்காலுக்குப் பயிற்சி எடுக்கப் போய்வந்தாள். நாலு மாடி ஏறி இறங்கினால் முழங்காலுக்குப் பயிற்சிதான், இல்லையென்று யார் சொன்னது? அவள் போனைப் பார்த்துக்கொள்வது நான். அதில் புதிதாக ஒரு வைஃபை பெயர் ஏறியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும், "இது யார் வீட்டு நெட்?" என்று அன்றே கேட்டிருப்பேன். அது தெரிந்துதான் அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுப் பெயரையே வைத்திருக்கிறான். எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. அவன் என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான், என் லேப்டாப்பை மட்டும் மறந்துவிட்டான். அந்த வாசலில் நின்று எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை.

கதவைத் தட்டினேன்.

திறந்தவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. முப்பதுகூட ஆகவில்லை. என்னைப் பார்த்தான், கையிலிருந்த லேப்டாப்பைப் பார்த்தான், திரும்பி உள்ளே பார்த்தான். அவனுக்குப் பின்னால் அம்மா தம்ளரும் கையுமாக நின்றாள்.

"அம்மா..." என்றான் அவன். முகம் வெளிறிவிட்டது. "சத்தியம் பண்ணிக் கொடுத்தியே."

"சொல்லமாட்டேன்னுதான்டா சத்தியம் பண்ணேன். கீழ குடிவரமாட்டேன்னு பண்ணலையே" என்றாள் அம்மா. "அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு தம்ளர் காபியைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்."

"கீழயா?"

"ரெண்டாவது மாடி. நேத்துதான்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். நான் ஏதாவது பேசியாக வேண்டும். ஆறு வருடமாகக் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எத்தனையோ உண்டு. வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"எங்க வீட்ல நெட் வரல."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி என் திரையை எட்டிப் பார்த்தான். எருமைக்கொட்டகை, முழுச் சிக்னல். அவன் உள்ளே போனான். அலமாரிமேல் இருந்த ரௌட்டரின் ஒயரைப் பிடுங்கினான்.

என் திரையில் கோடுகள் எல்லாம் அணைந்தன. இணைப்பு இல்லை.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாஸ்வேர்டை மாற்றப்போகிறான், நியாயம்தான், நான் அவனுக்குச் செய்ததுதானே. திரும்பிப் போக வேண்டும் என்று புத்தி சொன்னது, கால் நகரவில்லை. அம்மா, "டேய், என்னடா பண்றே" என்றாள். அவன் ஒயரைத் திரும்பச் செருகினான். ரௌட்டரில் சிவப்பு விளக்கு, பிறகு ஆரஞ்சு. அது முழித்துக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகும். முந்நூறு பேருக்கு அதைச் சொல்லி, "கொஞ்சம் பொறுங்க" என்றிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இணைப்பு இல்லை. இணைப்பு இல்லை. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பச்சை விளக்கு வந்தது. எருமைக்கொட்டகை, இணைக்கப்பட்டது என்றது என் திரை.

"மாத்தலையா?" என்றேன்.

"மாத்தல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்" என்றான். "அந்த ரெண்டு நிமிஷம் எப்படி இருந்துச்சு?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தேன்.

"அன்னிக்கு மூணு மணி நேரம் இதையேதான்க்கா பண்ணேன். எட்டுலேருந்து பதினொண்ணு வரைக்கும். ஒயரைப் பிடுங்குறது, மாட்டுறது, பச்சை விளக்குக்குக் காத்திருக்கிறது. போன்ல டேட்டாவும் இல்ல. பாஸ்வேர்ட் தப்புன்னு காட்டினப்பகூட ரௌட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அதான் பதினேழு தடவை கூப்பிட்டேன். நீ எடுத்தா உடனே சரிபண்ணிடுவேன்னு."

"நான்... நீ கோபத்துல கூப்பிட்டேன்னு..."

"கோபமா? நீதான் மாத்திருப்பேன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. நீ வந்து சொல்றவரைக்கும் தோணல."

பதினேழு அழைப்புகளை ஆறு வருடமாகத் தப்பாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். திட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை. பதினேழும் என்னை நம்பிக் கூப்பிட்டவை. லேப்டாப்பைத் தரையில் வைத்தேனா, போட்டேனா தெரியாது. அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து, நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி அழுதேன். தப்பு பண்ணிட்டேன்டா, தப்பு பண்ணிட்டேன்டா என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்ல வரவில்லை.

அவன் உடனே பக்கத்தில் வந்து உட்காரவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. பிறகு குனிந்து லேப்டாப்பை எடுத்து, மூலை நெளிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, உள்ளே மேசைமேல் கொண்டுபோய் வைத்தான்.

"சார்ஜ் பதினாலு பர்சென்ட்தான் இருக்கு" என்றான் அங்கிருந்தே. "சார்ஜரை எடுத்துட்டு வா."

நான் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினேன். இரண்டு மாடிதான். திரும்பி வருவதற்குள் கதவு சாத்தியிருக்குமோ என்று பயந்துகொண்டே இறங்கி, பயந்துகொண்டே ஏறினேன். கதவு திறந்துதான் இருந்தது. அம்மா தன் செருப்பை ஓரமாக நகர்த்தி, என்னுடையதற்கு இடம் விட்டிருந்தாள்.