ஒன்பதாவது ஆட்டின் கண்ணிமை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் கலைத்தாகம் ஒன்றும் காரணமில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். இப்போது பதில் சொல்ல வேண்டிய இன்னொரு கேள்விக்குப் பயந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் நளீரா. இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் வீடு. தேயிலைத் தோட்டங்களில் செம்மறி வளர்க்கும் பெண்களுக்கு உதவும் ஒரு சின்ன அமைப்பில் வேலை. கிடாவோடு சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஆடுகளைத் தயார் செய்ய வேண்டும்: குடற்புழு மருந்து, குளம்பு வெட்டு, கூடுதல் தீனி. அதைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கதையை இப்படித் தொடங்கினேன்: "பூனாகலை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலை..." (வெட்டியாயிற்று. அங்கே பனி இறங்காத காலையை நான் பார்த்ததே இல்லை.)

பிறகு இப்படி: "இராக்கம்மா ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்." (இது இருக்கட்டும்.)

2

இராக்கம்மா ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்தால் வயிற்றில் புழு இரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். அவளுடைய எட்டுப் பெட்டைகளில் ஐந்துக்கு இமை வெளுத்திருந்தது.

அவளுக்குக் கைப்பதமாக ஊற்றும் மருந்தில் நம்பிக்கை கிடையாது. மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கி, ஒவ்வோர் ஆட்டையும் சாக்கில் தூக்கித் தொங்கவிட்டு நிறுத்தாள். முப்பது வருடம் கொழுந்துக் கூடையோடு அந்தத் தராசுக்கு முன்னால் நின்று திட்டு வாங்கியவள், அன்று தானே முள்ளைப் பார்த்து எடை சொன்னாள். எடைக்குத் தக்க மருந்தை அளந்து ஊற்றினாள். பனி காயாமல் மேய விடவில்லை. அந்தியில் பலா இலையும் ஒரு பிடி சோளமும் வைத்தாள்.

இந்த இடத்தில் நான் கதைக்குள் வருகிறேன், கையில் படிவத்தோடு.

"எல்லா ஆட்டுக்கும் மருந்து குடுத்தாச்சா அக்கா?"

"ஆமாங்க மிஸ், எல்லாத்துக்கும் குடுத்தாச்சு. ஒண்ணு விடல."

சரி போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இருப்பதே எட்டு ஆடுதான்.

3

ஒன்பதாவது ஆடு முனியாண்டியுடையது.

போன வருடம் இராக்கம்மாவின் புருசன் மாடசாமி நெஞ்சு அடைத்து, பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்தார். "எந்திரிச்சு வந்தா ஒனக்குக் கிடா" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கோயிலில் முனியாண்டிக்குக் கற்பூரம் ஏற்றி நேர்ந்துகொண்டாள். ஏழாம் நாள் மனிதர் கண்ணைத் திறந்து தேத்தண்ணி கேட்டார். அன்றைக்கே அவளிடமிருந்த ஒரே கிடாவின் கழுத்தில் மஞ்சள் துணி ஏறியது. வரும் மாசித் திருவிழாவில் வெட்டு.*

* நேர்ந்துவிட்ட கிடாவுக்கு அந்த லயத்தில் ஒரு முறை உண்டு. அது எங்கே மேய்ந்தாலும் யாரும் விரட்டுவதில்லை. யாரும் அதைத் தன் ஆடு என்று சொல்வதில்லை. அதற்கு ஊசி போடுவதில்லை, மருந்து ஊற்றுவதில்லை. தொட்டால் நேர்ந்தது முறிந்துவிடும், முறிந்தால் கேட்டு வாங்கிய உயிர் திரும்பிப் போய்விடும் என்பது நம்பிக்கை. அப்போது இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதுதான் என் வேலை.

லயத்தில் வேறு கிடா கிடையாது. எட்டுப் பெட்டைகளோடும் சேர்ந்தது அதுதான். அதே புல்லில் மேய்ந்து, அதே புல்லில் புழுக்கை போட்டு, இராக்கம்மா ஒவ்வொரு வயிற்றிலிருந்தும் விரட்டிய புழுவை அது திரும்ப விதைத்துக்கொண்டே

(இந்த வாக்கியத்தை முடிக்க விருப்பமில்லை. தொலைபேசி அடிக்கிறது. பிறகு எடுக்கிறேன்.)

4

மார்கழி மழை விடாமல் கொட்டியது. கிடாவோடு விட்ட மூன்றாம் வாரத்தில் எட்டுப் பெட்டைகளும் மறுபடி பருவத்துக்கு வந்தன. ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. நான் போனபோது கிடா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் படுத்துக் கிடந்தது. தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கியது. இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

முதல் பிரதியில் இராக்கம்மாவை அழ வைத்திருந்தேன். அவள் அழுகிறவள் இல்லை. என்மேல் பாய்ந்தாள்.

"கையெடுங்க மிஸ்! அது மாசிக்கு நேந்த கிடா, தொடாதீங்க!"

"அக்கா, இன்னைக்கே மருந்து ஊத்தாட்டி இது மாசி வரைக்கும் தாங்காது."

"ஊத்துனா நேந்தது முறிஞ்சிரும்."

"ஊத்தாம செத்துப்போனா?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். லயத்து வாசலில் மாடசாமி சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குச் சண்டை என்று அவருக்குத் தெரியும். இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க முஸ்லிம் பக்கத்துல ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு நோய்ப்பட்ட ஆட்டைக் குடுக்க ஏலாது அக்கா. சொகமாக்கித்தான் குடுக்கணும்."

"அது ஒங்க வழி. முனியாண்டி என்ன சொல்லுவாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியல மிஸ்." முந்தானையால் கிடாவின் மூக்கைத் துடைக்கப் போனவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். "சாமியாடிகிட்ட கேட்டேன், நீயே முடிவெடுன்னுட்டாரு. இவரைக் கேட்டேன், சிரிக்கிறாரு. நீங்க படிச்சவங்க. ஊத்துன்னு சொல்லுங்க, ஊத்துறேன். ஆனா இவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்க வாசல்லதான் வந்து நிப்பேன்."

மருந்துப் போத்தலை அவள் படியில் வைத்தேன். "நாளைக்குச் சொல்றேன் அக்கா" என்றேன்.

5

எழுத்தாளருக்கு உள்ள வசதி, முடிவுகளை மாற்றிமாற்றி வைத்துப் பார்க்கலாம்.

அ. மருந்து ஊற்றுகிறாள். கிடா எழுந்து மேய்கிறது. தை பிறந்ததும் மாடசாமியின் நெஞ்சு மறுபடி அடைக்கிறது. அந்த நெஞ்சு எப்படியும் அடைக்கக்கூடியதுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை இராக்கம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

ஆ. ஊற்றவில்லை. கிடா எப்படியோ மாசி வரை கிடக்கிறது. வெட்டுமுன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உடம்பை உதறினால் சாமிக்குச் சம்மதம். உதறுவதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. சனம் முழுக்கத் திரும்பி மாடசாமியைப் பார்க்கிறது.

இ. எல்லாம் நல்லபடியாக (எழுத வரவில்லை. மூன்று முறை முயன்றேன்.)

6

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்து இன்றோடு மூன்று நாள். அந்த மூன்று நாளும் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கதையில் அவள் எப்போதும் கிடாவுக்குப் பக்கத்தில் போத்தலோடு நிற்கிறாள், நான் விட்ட இடத்திலேயே. பூனாகலையில் நேரம் அப்படி நிற்காது. மழையும் புழுவும் எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை. என்னிடமிருந்து அவளுக்குத் தேவை ஒரு சொல்தான். அதைச் சொல்லப் பயந்து இத்தனை சொற்களை எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

தொலைபேசி மறுபடி அடிக்கிறது. திரையில் அவள் பெயர்தான். கிடா இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களே எடுத்துப் பேசுங்கள். ஊற்றச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா? எதுவானாலும் அவளுடைய பேரைச் சொல்லிவிட்டு உங்கள் பேரையும் சொல்லுங்கள். யார் வாசலில் வந்து நிற்பது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.