நாலு பக்கச் சுருக்கம்

காலை எட்டு மணிக்கு அக்கா போன் செய்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி வாயில் நுரையோடு பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எடுத்தேன்.

"பேப்பர் பாத்தியா?"

"இன்னும் இல்லக்கா."

"விடிகாலை பஸ்ஸையெல்லாம் நிறுத்தப் போறாங்களாம். உங்க ஆபீஸ்தான் அப்படிச் சொல்லிச்சாம். உன் போட்டோவும் போட்டிருக்கான். பழைய போட்டோ, தலை நிறைய முடி இருக்கு."

துப்பிவிட்டு வந்தேன். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இருபத்தோரு வருஷமாக வேலை. அவள் வீட்டுப் பக்கமிருந்து ஐந்து பத்துக்குக் கிளம்பும் பஸ்ஸை விட்டால் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர வேறு வழி கிடையாது.

"இன்னிக்கு எனக்கு வார லீவு, ஆனா சூப்பர்வைசரம்மா போன் போட்டுக் கேக்குறாங்கடா. அடுத்த மாசத்துக்கு ஆள் போடணுமாம். வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, ஒருத்தி வேலைக்குக் காத்துட்டு இருக்கான்னு சொல்றாங்க. இங்க பக்கத்துல அட்டைப்பெட்டி கம்பெனியிலயும் கூப்பிடுறாங்க. சம்பளம் பாதிதான், ஆனா நடந்தே போயிடலாம். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். நீ சொல்லு, பஸ் ஓடுமா ஓடாதா?"

நிறுத்தலாம் என்று பரிந்துரை எழுதியது நான்தான். ஆனால் அரசாங்கம் அதை ஏற்குமா, குப்பையில் போடுமா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதுக்கா. அறிவிப்பு வர்ற வரைக்கும் ரகசியம்."

"எனக்குமா?"

"உனக்குந்தான்."

"சரிடா, புரியுது" என்றாள். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. வாயெல்லாம் புதினா எரிந்துகொண்டிருந்தது.

அலுவலகத்துக்குப் போனால், என் அறை வாசலில் கண்டக்டர் நின்றிருந்தாள். பஸ் ஆய்வுக்காகப் பதினாலு மாதம் பஸ்ஸிலேயே குடியிருந்த ஆராய்ச்சியாளர். அதனால் அலுவலகத்தில் எல்லோரும் வைத்த பெயர் அது. கையில் எங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சார், ஆறாவது அத்தியாயம் படிச்சீங்களா?"

"படிச்சேனே."

"எப்ப சார்?"

மாட்டிக்கொண்டேன். எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. அறிக்கையை ஆராய்ச்சியாளர்கள் எழுதுவார்கள்; முன்னால் வரும் நாலு பக்கச் சுருக்கத்தைத் தலைமை நிர்வாகி எழுதுவார். சுருக்கம் மூன்று வாரம் முந்தியே அறிக்கை கேட்ட அரசுத் துறைக்குப் போயாக வேண்டும். ஆகவே பாதி அறிக்கை வரும்போதே முழு அறிக்கையின் சுருக்கத்தை எழுதிவிடுவேன். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இது காலை வாரியதில்லை. வாரியிருந்தாலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

"நீதான் அந்த அத்தியாயத்த ஒன்பது நாள் தாமதமா குடுத்த" என்று எரிந்து விழுந்தேன்.

"ஏன் தாமதம்னு கேட்டீங்களா? விடிகாலை வண்டியில மறுபடி ஏறி இறங்கினேன் சார். டிக்கெட் மெஷின் கணக்குப்படி வண்டிக்கு ஆறு பேர். நான் தலைய எண்ணினா இருபத்தேழு பேர். மத்தவங்கெல்லாம் மாதப் பாஸ் வச்சிருக்காங்க. துப்புரவு வேலைக்காரங்க, நர்ஸுங்க, சமையல்காரங்க. பாஸ்காரங்க டிக்கெட் வாங்குறதில்ல. அதனால மெஷினுக்கு அவங்க வண்டியிலயே இல்ல. அந்த வண்டிங்கள நிறுத்தவே கூடாதுன்னு நான் எழுதியிருக்கேன். நீங்க அதே அறிக்கைக்கு முன்னால, காலி வண்டிங்கள நிறுத்துங்கன்னு எழுதியிருக்கீங்க."

"ரெண்டும் ஒரே அட்டைக்குள்ளயா போயிருக்கு?"

"ஆமா சார். நல்லா பைண்ட் பண்ணி."

அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலில் அத்தியாயத்தைப் படித்தேன். மறுப்பதற்கு ஒன்றுமில்லை, அவள் சொன்னதுதான் சரி. பிறகு என் சுருக்கத்தைப் படித்தேன். அடடா, அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் இருபத்தேழு பேர் என்றால் அது பாதி நிரம்பிய வண்டியா, பாதி காலியான வண்டியா? மறுபடி அத்தியாயத்துக்குப் போனேன். மறுபடி சுருக்கத்துக்கு வந்தேன். எதைக் கடைசியாகப் படிக்கிறேனோ அதை நம்பினேன். நாடு முழுக்க உள்ளவர்களுக்கு எது நல்லது என்று சொல்ல எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் நிறுவனம் என்ன சொல்கிறது என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

அக்காவும் மாதப் பாஸ்காரிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. இருபத்தோரு வருஷமாக அந்த மெஷினைப் பொறுத்தவரை அவள் வண்டியில் ஏறவே இல்லை. என் சுருக்கத்திலும் அவள் இல்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன், உடனே எதற்குத் திறந்தேன் என்று மறந்து மூடினேன்.

போக்குவரத்துத் துறைச் செயலருக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் இருக்கிறார், பன்னிரண்டே முக்காலுக்கு நேரில் வரலாம் என்றார்கள். அதுவரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். சுருக்கம் தவறு என்றால் நிறுவனத்தின் மானம் கப்பலேறும். அத்தியாயம் தவறு என்றால் கண்டக்டர் ராஜினாமாவை முகத்தில் வீசுவாள். இரண்டும் சரி என்றால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இதற்கு நடுவில் அக்காவின் வேலை. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

செயலரின் அறையில் மூன்று மின்விசிறி சுற்றியும் எனக்கு வேர்த்தது. உட்காரும் முன்பே போட்டு உடைத்துவிட்டேன்.

"சார், எங்க சுருக்கம் தப்பு. விடிகாலை வண்டிங்கள நிறுத்தக் கூடாது. அறிக்கை வர்றதுக்கு முன்னாலயே நான் அவசரப்பட்டு எழுதிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"சுருக்கமா? அத யாருங்க படிச்சா? பேப்பர்காரங்க கேட்டாங்கன்னு குடுத்துட்டோம். எங்க ஆளுங்க நேரா ஆறாவது அத்தியாயத்துக்குத்தான் போனாங்க. பிரமாதமான வேலை. விடிகாலை வண்டி ஒண்ணைக்கூட நிறுத்தல. நேத்தே கையெழுத்தாயிடுச்சு, ஒரு மணிக்கு அறிவிப்பு."

"எப்பவுமே சுருக்கத்த படிக்க மாட்டீங்களா சார்?"

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாது. டீ சாப்பிடுறீங்களா?"

சந்தோஷப்படுவதா, ஒன்பது வருஷத்துச் சுருக்கங்களை நினைத்து அழுவதா என்று தெரியாமல் டீயைக் குடித்தேன். என்னை ஒருத்தரும் பொருட்படுத்தாததால்தான் நல்லது நடந்திருக்கிறது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆனாலும் படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. ஒரு மணி அடித்ததும், விதிப்படி இனிமேல் சொல்லலாம் என்ற தைரியத்தோடு அக்காவை அழைத்தேன்.

"அக்கா, பஸ் ஓடும்! அஞ்சு பத்து வண்டிய நிறுத்தல."

அந்தப் பக்கம் அட்டையை மடக்கும் சத்தம் கேட்டது.

"அப்படியா? பேப்பர்ல வேற மாதிரி போட்டிருந்தானே."

"அது தப்புக்கா. நான் எழுதினதுதான் தப்பு. நீ எங்க இருக்க?"

"பெட்டி கம்பெனியில. இன்னிக்கே வந்து பழகிக்கோன்னாங்க. சூப்பர்வைசரம்மாகிட்ட காலையிலயே சொல்லிட்டேன். பத்து மணிக்கு அந்தப் பொண்ணு வந்து கையெழுத்து போட்டுட்டாளாம்."

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்துச்சேக்கா! ஏன் இப்படி அவசரப்பட்ட?"

"நான் எங்க அவசரப்பட்டேன்? உன்கிட்ட கேட்டுட்டுத்தானே செஞ்சேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலியே!"

"சொல்லக் கூடாதுன்னு சொன்ன. ஓடும்னா அக்காகிட்ட சொல்றதுக்கு உனக்கு என்னடா தயக்கம்? கெட்ட சேதின்னாதானே ஒளிப்பாங்க. பெரிய எடத்துல இருக்குறவன், எல்லாம் தெரிஞ்சுதான் மென்னு முழுங்குறான்னு நெனச்சேன். போட்டோவோட வேற போட்டிருந்தான்."

"எனக்குத் தெரியாதுக்கா. காலையில எனக்கு ஒரு எழவும் தெரியாது."

அட்டைச் சத்தம் நின்றது.

"அத அப்பவே சொல்லியிருக்கலாமேடா. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பேசாம காத்திருந்திருப்பேனே."

ரோட்டில் நின்றுகொண்டு நான் பதில் தேடினேன். விதியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று முதலில் தோன்றியது. தெரியாது என்று அக்காவிடம் சொல்லக் கூச்சப்பட்டேன் என்று அடுத்த நொடி தோன்றியது. இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அழுறியா என்ன?" என்றாள் அக்கா. "விடு. உன்னை நம்புனது நான்தானே. இங்க போன் பேசினா திட்டுவாங்க, வைக்கிறேன்."