பின்சுவர்ச் சாரம்

மாடிப்படியை அடைத்துக்கொண்டு நாலு தடியன்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அரசு அலுவலகத்தின் படியில், பட்டப்பகலில்! மேலே ஹாலில் டெண்டர் பெட்டி இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம். விலை எழுதிய கவரை இன்று மதியத்துக்குள் அந்தப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

“மேல யாரும் இல்லக்கா, நாளைக்கு வாங்க,” என்றான் ஒருவன், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிமெண்டக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. சித்தாளாகத் தொடங்கிச் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கும் அளவுக்கு வந்தவளுக்கு இவன் காது குத்துகிறானா? எல்லாம் பெரிய காண்ட்ராக்டரின் ஆட்கள். ஒவ்வொரு டெண்டருக்கும் இதே கூத்து. அவர் கவரும் அவர் மச்சான் கவரும் மட்டும் உள்ளே போகும். அப்படி எடுத்து அவர் கட்டிய பள்ளிக்கூடத்தில் மழைக்குப் பிள்ளைகள் வகுப்புக்குள் குடை பிடிக்கிறார்கள்.

அவள் கையில் இருந்த கடைசி வேலை இதே அலுவலகத்தின் பின்சுவர்ப் பூச்சு. அதுவும் இன்றோடு முடிகிறது. ஆஸ்பத்திரி வேலை கிடைக்காவிட்டால் அவளுடைய ஆட்கள் திசைக்கொருவராகப் பிழைக்கப் போய்விடுவார்கள்.

பின்சுவர்! விறுவிறுவென்று சுற்றிக்கொண்டு ஓடினாள். மாடி ஜன்னல்வரை நிற்கும் மூங்கில் சாரத்தை அவிழ்க்கக் கயிற்றில் கை வைத்திருந்தார் அவளுடைய கொழுந்தன். அவர்தான் தலைமைக் கொத்தனார்.

“தம்பி, கையை எடு! ஏணியைச் சாத்து!”

படியில் விரட்டப்பட்ட சின்னக் காண்ட்ராக்டர்கள் அவள் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தொழிலுக்குப் புதிதாக வந்த ஒல்லி கவரைக் காட்டி, “அக்கா, நாங்களும் ஏறிக்கவா?” என்றான்.

கொழுந்தன் அவள் காதோரம் வந்தார். “அண்ணி, நீங்க மட்டும் ஏறுங்க, நான் ஏணியை எடுத்துர்றேன். அந்தப் பெரிய ஆளு விலை எக்கச்சக்கமா இருக்கும். குறைஞ்ச விலை நம்மது, வேலை நமக்குத்தான்.”

உண்மைதான். ஆசையும் வந்தது, மறைப்பானேன்? சாரத்தின் மேலே நின்ற தன் ஆட்களை ஒருமுறை பார்த்தாள்.

“அவன் படியில உக்காந்து மறிக்கிறான், நாம ஏணியை எடுத்து மறிக்கணுமா? கெட்டியாப் பிடி. எல்லாரும் ஏறட்டும்.”

அவள் ஜன்னலில் காலை வைத்து உள்ளே குதித்ததும் அதிகாரி பதறி எழுந்தார். “என்னம்மா இது, ஜன்னல் வழியா!”

“படியில சீட்டுக்கச்சேரி நடக்குது சார். கவர் பெட்டிக்குள்ள விழணும்னுதான விதி? ஆள் எந்த வழியா வரணும்னு எழுதியிருக்கா?”

பின்னாலேயே ஒவ்வொருவராகக் குதித்தார்கள். மேஜை அருகே கால்மேல் கால் போட்டிருந்த பெரிய காண்ட்ராக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

நேரம் முடிந்ததும் அதிகாரி பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கப் பார்த்தார். “இங்கயே பிரிங்க சார், சத்தமாப் படிங்க,” என்று வழியில் நின்றாள் சிமெண்டக்கா. இத்தனை பேர் சுற்றி நிற்க அவரால் என்ன செய்ய முடியும்? படித்தார்.

பெரிய காண்ட்ராக்டர் கேட்டிருந்தது கொள்ளை விலை. மச்சானுடையது அதற்கும் மேலே. சிமெண்டக்காவின் விலை எவ்வளவோ குறைவு. சாரத்தில் தொற்றிக்கொண்டிருந்த கொழுந்தன் விசிலடித்தார். கடைசியாக ஒல்லியின் கவர் வந்தது. அவளுடையதைவிடக் கொஞ்சம் குறைவு.

அடப்பாவி! அவளுக்கு அழுகை முட்டியது.

பெரிய காண்ட்ராக்டர் இளித்தார். “ஊரையே ஏத்திவிட்டு இப்ப வேலை போச்சா? எங்கிட்ட வந்திருந்தா ஏதாவது பாத்துக் குடுத்திருப்பேனே.”

“போச்சுதான். வயிறு எரியுதுதான். ஆனா நான் அவன் விலைகிட்டதான் தோத்தேன், உன் தடியங்ககிட்ட இல்ல.” ஒல்லி திருதிருவென்று முழித்தான். அவனிடம் திரும்பினாள். “எதுக்குடா முழிக்கிற? ஒழுங்காக் கட்டு. ஒழுகுச்சுன்னா, முதல் ஆளா வந்து சட்டையைப் பிடிப்பேன்.”

எல்லோரும் ஜன்னல் பக்கம் போனார்கள்.

“அங்க எங்க போறீங்க? படி எதுக்கு இருக்கு?” என்று அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டுத் தடியன்கள் நிமிர்ந்து, வாயைப் பிளந்தார்கள். அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு வரச் சொன்னியே தம்பி, இன்னிக்கே வந்துட்டோம். நகரு.”

சீட்டுகளை அள்ளிக்கொண்டு அவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.