ஏழாவது வாளி

எங்கள் கிணற்றின் மேல் ஒரு சுவர் இருந்தது.

சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால், ஒரு சந்தில், ஒரே வீடாக இருந்ததை அப்பாவும் பெரியப்பாவும் இரண்டாகப் பிரித்துக்கொண்டபோது எழுப்பிய சுவர். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் அதன் வாய்க்குக் குறுக்கே கட்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். வாசல் அறை யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. நாலு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

எனக்கு அதில் நஷ்டம் சபேசண்ணன். பெரியப்பாவின் ஒரே பிள்ளை ராஜசபேசன். தேர் பார்க்க என்னைத் தோளில் தூக்கிப் போனவன். சுவர் வந்த பிறகு, பெரியவர்கள் தூங்கும் நேரம் பார்த்து, கொட்டாங்கச்சியில் கொடுக்காப்புளி வைத்துக் கிணற்றில் மிதக்கவிடுவான். தண்ணீருக்கு ஏது சுவர்? இந்தப் பக்கம் வந்ததும் வாளியை இறக்கி மொண்டுகொள்வேன்.

பிறகு ரங்கூனுக்கு வேலைக்குப் போனான். நாற்பத்திரண்டில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. கடிதம் நின்றது.

அப்பா ஞாயிறுதோறும் ரயிலேறிக் கடலூருக்குப் போக ஆரம்பித்தார். சாமான் வாங்க என்பார். வெறும் பையோடு திரும்புவார். பர்மாவிலிருந்து நடந்து வந்து, கடலூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களிடம் சபேசனைப் பார்த்தீர்களா என்று விசாரிக்கிறார் என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் தெரியாது.

ஆனித் திருமஞ்சனத்துக்கு மறுநாள், மத்தியானம் இரண்டு மணி. அந்தப் பக்க ராட்டினம் கிரீச்சிட்டது.

ஒரு வாளி. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றும் யார் தலையிலோ கொட்டும் சத்தம்.

அப்பா எச்சில் கையோடு எழுந்து நின்றார். காலையில் குளித்தவர்கள் மத்தியானம் எதற்குக் குளிக்கிறார்கள்? எங்கள் சந்தில் அதற்கு ஒரே காரணம்தான். சாவுச் சேதி. காதில் விழுந்ததும் பங்காளிகள் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும்.

ஏழாவது வாளி. கூடவே மங்கலம் பெரியம்மாவின் அழுகை.

நாலு வருஷமாக அப்பா பேசவில்லையே தவிர, கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எங்கள் யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனார். மூன்று வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். முகத்தில் வழிந்தது முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. ஈர வேட்டியோடு போய், நாலு வருஷமாக மிதிக்காத படியில் ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவர்கள் கிணற்றடியில் ஒரு முக்காலி. அதன்மேல் எலும்பும் தோலுமாக, தாடியோடு ஒருவன். பெரியப்பா இறைக்க இறைக்க, பெரியம்மா அழுதுகொண்டே அவன் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். காடும் மலையும் நடந்து வந்த அழுக்கு, ஏழு வாளிக்கும் போகவில்லை.

பெரியப்பா திரும்பினார். தம்பியின் ஈரத் தலையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"யாருக்குடா, உத்திராபதி?"

அப்பா வாயைத் திறந்தார். உன் பிள்ளைக்குத்தான் என்று அந்தப் பிள்ளையின் முன்னாலேயே எப்படிச் சொல்வார்?

பெரியப்பாவின் கண் சுவருக்குப் போனது. அங்கிருந்து ராட்டினத்துக்கு, வாளிக்கு, மகனுக்கு. புரிந்துவிட்டது. உயிரோடு வந்தவனுக்குச் சாவுக் குளியல். இனி இந்த ஜென்மத்தில் பேச்சில்லை என்று நினைத்தேன்.

பெரியம்மா முந்திக்கொண்டாள். "வுடுங்க. இருக்கறவனுக்கு முழுவுனா ஆயுசு கெட்டிம்பாங்க."

சபேசண்ணன் சீயக்காய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தான். "கடலூர்ல எறங்கினதுமே ஒரு போர்ட்டரு, பர்மாவா, பேரு சபேசனான்னு கேட்டான். வாராவாரம் ஒருத்தரு வந்து விசாரிச்சிட்டுப் போறாராம். நீங்கதானா சித்தப்பா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

பெரியப்பா மகனுக்கென்று தோளில் போட்டிருந்த துண்டை எடுத்தார். தம்பியின் தலையில் போட்டார்.

"தொவட்டு. சளி புடிச்சிக்கும்."

சுவரை யாரும் இடிக்கவில்லை. வாசல் அறையும் பெரியப்பா பக்கமே இருந்தது. சபேசண்ணன்தான் பாவம், அன்றைக்கு வெயிலில் நின்று காய்ந்தான்.