பல் டாக்டர் போர்டு

நேத்து எனக்கு லீவு. இன்னைக்குக் காலையில பிளாட்பாரத்துக்கு ஏறி வந்து எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். மூணாவது மாடியில தொங்குற பல் டாக்டர் போர்டைக் காணோம். கட்டடத்துக்கும் போர்டுக்கும் பெயிண்ட் அடிக்கிறாங்களாம். அடிக்க வேற நாளே கிடைக்கலையா இவங்களுக்கு?

நான் வேலை பார்க்கிற ஸ்டேஷன் தெருவுக்கு மேல தூண்கள்ல நிக்குது. ரயில் ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல வளைஞ்சு வரும். வந்து நிக்க வேண்டிய மஞ்சக் கோடு, கடைசி நிமிஷம் வரைக்கும் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால அந்தப் போர்டு பக்கத்துல வந்ததும் பிரேக் பிடிக்கிறதுதான் இந்த லைன்ல வழக்கம். ரூல் புத்தகத்துல கிடையாது. என் தங்கச்சிக்கு அதைத் தலையில குட்டாத குறையா சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அவளுக்கு இன்னைக்கு டிரைவர் டெஸ்ட். ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டைத் தாண்டி நிறுத்தி ஃபெயில். இன்னைக்கும் தாண்டினா மறுபடியும் டிக்கெட் கவுண்டர்தான், டிரைவர் ஆசையை மறந்துட வேண்டியதுதான். கேபின்ல போனும் கூடாது. நான் எப்படிச் சொல்ல?

சாரத்துல நின்ன பெயிண்டரைக் கூப்பிட்டு, போர்டைக் கொஞ்ச நேரம் மாட்டித் தொலையேன்னு கத்தினேன். அது கீழே காயுதுன்னு சாவகாசமா சொன்னான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிளாட்பாரமே என்னை வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே!

அதுக்குள்ள ரயில் வளைவுல திரும்பிடுச்சு. வேகம் குறையுது, இன்னும் குறையுது... மஞ்சக் கோட்டுல வந்து கச்சிதமா நின்னுது. டெஸ்ட் எடுக்குறவர் இறங்கி, குனிஞ்சு பார்த்துட்டு, தங்கச்சிக்குக் கை கொடுத்தார். அடுத்த டிரைவர் ஏறினதும் அவ என்கிட்ட ஓடி வந்தா.

"போர்டு இல்லாம எப்படிடி நிறுத்தினே?"

"அதை நேத்தே கழட்டிட்டாங்கக்கா. சொன்னா நீ பெயிண்டரோட சண்டைக்குப் போயிடுவே. அதான் சொல்லல."

எதிர்ப்பக்கம் திரும்பவே எனக்கு மூஞ்சி இல்லை.

"அப்புறம் எதைப் பார்த்துப் பிரேக் பிடிச்சே?"

"நேத்து ஓட்டிப் பார்க்கும்போது நானே வேற ஒண்ணு கண்டுபிடிச்சேன்."

"என்னது?"

"அது எனக்கு. நீயா ரயில் ஓட்டப்போறே?"

திமிரைப் பாருங்க! அடிக்கக் கை ஓங்கினேன். ஆனா அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்.